தோல் சீட்டுக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம்

ஐயா, வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். பழைய ராலே சைக்கிளுக்குப் புரூக்ஸ் பி17 தோல் சீட் வாங்கிப் போட்டேன். மூன்று வாரமாகியும் கல்லாக இருக்கிறது. ஒரு நாள் தேங்காய் எண்ணெயில் ஊறவைத்தால் இளகிவிடும் என்கிறார்கள். செய்யலாமா? மழையில் நனைந்தால் என்ன செய்வது?
சரவணன்

அன்புள்ள சரவணன்,

தயவுசெய்து ஊறவைக்காதீர்கள். அந்தச் சீட்டுக்குள் பஞ்சு கிடையாது. பின்பக்க இரும்புத் தகட்டுக்கும் முன்மூக்குக்கும் இடையே ஏணைபோல இழுத்து ரிவெட் அடித்த ஒற்றைத் தோல்தான் அது. உங்களைத் தாங்குவது அதன் விறைப்பு. எண்ணெய் ஊறினால் நார்கள் தளர்ந்து நடுப்பகுதி தொய்ந்துவிடும். அப்புறம் சரிசெய்வது கடினம்.

மூன்று வாரம் பெரிய கணக்கில்லை, ஓடிய தூரம்தான் கணக்கு. சில நூறு கிலோமீட்டர் ஆனபின் உட்காரும் எலும்புகள் இரண்டும் படும் இடத்தில் லேசான குழி விழும். அதுவரை மூக்கை ஒரு நூல் மேலே தூக்கி வையுங்கள். புதுத்தோல் வழுக்கும், மூக்கு தாழ்ந்தால் முன்னே சரிந்து பாரமெல்லாம் மணிக்கட்டில் இறங்கும்.

பூசுவதற்கு அதே கம்பெனியின் புரூஃபைட் மெழுகு போதும். அடிப்பக்கம் சொரசொரப்பாக இருப்பதால் நன்றாக உறிஞ்சும். அங்கே தாராளமாக, மேலே மெல்லியதாகப் பூசி, ஓரிரவு விட்டுத் துணியால் தேயுங்கள். முதல் சில மாதங்களில் இரண்டு மூன்று முறை, பிறகு எப்போதாவது. வெள்ளைக் கால்சட்டையோடு மட்டும் உட்காராதீர்கள், சாயம் ஒட்டும்.

மூக்கின் கீழே தோலை இறுக்குவதற்கென்று இருக்கும் போல்ட்டை இப்போது தொட வேண்டாம். தொய்வு கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் கால் சுற்று முறுக்கி, சில நாள் ஓட்டிப் பாருங்கள். ஒரேயடியாக முறுக்கினால் ரிவெட் ஓரத்தில் தோல் கிழியும்.

உங்கள் ஊர்ச் சாயங்கால மழைதான் உண்மையான எதிரி. பலரும் மேலே மட்டும் மூடுவார்கள். பின்சக்கரம் வாரியடிக்கும் தண்ணீர் அடிப்பக்கத்தைத்தான் ஊறவைக்கும். மட்கார்ட் இல்லாவிட்டால் போட்டுவிடுங்கள். பிளாஸ்டிக் பையால் மூடினால் வீட்டுக்கு வந்ததும் கழற்றுங்கள், உள்ளே வேர்க்கும். முழுக்க நனைந்த சீட்டில் ஏறி ஓட்டக்கூடாது. ஈரத்தோல் பாரத்துக்கு இழுபட்டுப் போகும். நிழலில், காற்றோட்டத்தில் நாள்கணக்கில் உலரட்டும். வெயிலோ முடி உலர்த்தியோ காட்டினால் சுருங்கி வெடிக்கும். உலர்ந்த பிறகு மெழுகு.

ஓட்டாமல் வைத்திருந்தால் நம் புழுக்கத்தில் வெள்ளைப் பூசணம் பிடிக்கும். பயப்பட வேண்டாம், உலர்ந்த துணியால் துடைத்துக் காற்றாட வைத்துவிட்டு மெழுகு பூசுங்கள்.