தெருவிளக்கு வெளிச்சத்தில் சாமந்தி மொட்டு வைக்குமா?

கேள்வி: பெங்களூருக்குத் தெற்கே ஆனேக்கல் பக்கம் முக்கால் ஏக்கரில் மஞ்சள் சாமந்தி போட்டிருக்கிறேன் ஐயா. ஜூன் முதல் வாரம் நட்டது. ஆயுத பூஜைக்கு கே.ஆர். மார்க்கெட்டுக்கு அனுப்பலாம் என்று கணக்கு. இப்போது செப்டம்பர் பிறந்துவிட்டது. தோட்டம் முழுக்க மொட்டு வந்துவிட்டது, கிழக்கு வேலியோரம் ஏழெட்டு வரிசை மட்டும் இடுப்பளவு வளர்ந்தும் சரியாக மொட்டு வைக்கவில்லை. மருந்துக்கடையில் போரான் குறை என்றார்கள், நுண்ணூட்டம் இரண்டு முறை அடித்தேன், மாற்றமில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் 6 மீட்டர் தள்ளி ஜூலையில் புது லேஅவுட்காரர்கள் 8 மீட்டர் கம்பத்தில் எல்இடி விளக்கு போட்டார்கள், அதனாலா? இன்னொன்று: மொட்டைத் துளைக்கும் பச்சைப்புழுவுக்கு, புழுவுக்கு நோய் தந்து கொல்லும் என்.பி.வி. வைரஸ் வாங்கி காலை 9 மணிக்கு அடித்தேன். புழு சாகவே இல்லை. படம் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: விளக்கேதான் காரணம். போரானுக்கு இனி ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம்.

உங்கள் இரண்டாவது படத்தை நன்றாகப் பாருங்கள். தண்டின் நுனியில் மிளகு அளவுக்கு ஒரு மொட்டு இருக்கிறது, ஆனால் அது வளரவில்லை. அதற்குக் கீழே உள்ள இலைகளில் சாமந்திக்கே உரிய வெட்டு இல்லை, ஓரம் மழுங்கி நாக்கு மாதிரி நீண்டிருக்கின்றன. அவற்றின் கக்கத்திலிருந்து பக்கத் தளிர்கள் கிளம்பி மொட்டைத் தாண்டிப் போய்விட்டன. பூக்கத் தொடங்கிய செடி பாதியில் நின்றுவிட்டதற்கு இதுதான் அடையாளம். போரான் குறை என்றால் குருத்து கருகும், இளம் இலை தடித்து நொறுங்கும். அது ஒன்றும் படத்தில் இல்லை.

இன்னும் சந்தேகம் என்றால் மொட்டு வைக்காத செடிகளின் எல்லையை நடந்து பாருங்கள். கம்பத்துக்கு நேர் எதிரே அந்த எல்லை உள்ளே ஆழமாகப் போய், இரு பக்கமும் சரிந்து வில் போல வேலிக்குத் திரும்பும். சத்துக் குறையோ தண்ணீர்க் குறையோ இப்படி ஒரு கம்பத்தை மையமாக வைத்து வளையாது.

சாமந்தி குறும்பகல் செடி. பகல் ஏறக்குறைய 13½ மணி நேரத்துக்குக் குறைவாக, அதாவது இரவு தடையில்லாமல் 10½ மணி நேரத்துக்கு மேல் இருந்தால்தான் மொட்டு கட்டும். பெங்களூரில் ஆண்டின் மிக நீண்ட பகலே 13 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, டிசம்பரில் சுமார் 11 மணி 20 நிமிடம். அதனால் விளக்கு இல்லாத தோட்டத்தில் செடி தானாகப் பூக்கிறது. பகலின் நீளத்துக்கும் பூப்பதற்கும் உள்ள இந்த உறவை 1920-இல் கார்னர், அல்லார்ட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் புகையிலையிலும் சோயாவிலும் கண்டு எழுதினார்கள். செடி அளப்பது பகலை அல்ல, இரவை என்பது பிறகு தெரியவந்தது. நள்ளிரவில் கொஞ்ச நேரம் விளக்கு காட்டினாலே அந்தக் கணக்கு கலைந்துவிடும்.

அளக்கும் கருவி இலையில் இருக்கிறது, பைட்டோகுரோம் என்ற நிறமி. இதற்கு இரண்டு வடிவம். 660 நானோமீட்டர் அளவிலான சிவப்பொளி பட்டால் அதனுள் இருக்கும் ஓர் இரட்டைப் பிணைப்பு திரும்பிக்கொண்டு, செயல்படும் வடிவத்துக்கு மாறுகிறது. 730 நானோமீட்டர் தொலைசிவப்பு பட்டால் பழையபடி திரும்புகிறது, இருட்டிலும் மெல்ல மெல்லத் திரும்புகிறது. செயல்படும் வடிவம் குறைந்து நீண்ட நேரம் கடந்தால்தான் சாமந்தி இலை ‘பூ’ என்ற செய்தியைக் குருத்துக்கு அனுப்பும். எந்த ஒளியும் உறிஞ்சப்பட்டால்தான் வேலை செய்யும், உறிஞ்சிய ஓர் ஒளித்துகள் அதிகபட்சம் ஒரு மூலக்கூறைத்தான் மாற்றும். நிறமி இலையில் மிகக் குறைந்த அளவே இருப்பதால் அதை மாற்ற நிறைய ஒளி வேண்டியதில்லை. உணவு தயாரிக்க ஆயிரக்கணக்கான லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) கேட்கும் அதே இலை, இரவுச் செய்திக்கு 100 லக்ஸில் முழுதாக ஏமாறும், அதில் சிறு பங்கிலேயே தடுமாறும். வெள்ளை எல்இடியில் நீலம் தூக்கலாக இருந்தாலும் சிவப்பும் போதுமான அளவு கலந்திருக்கிறது. முழுநிலா அரை லக்ஸுக்கும் குறைவு, அதனால் பௌர்ணமியைப் பற்றிக் கவலை வேண்டாம்.

இனி வேலைக்கு வருவோம். இரவு 8 மணிக்கு வேலியோரம் நின்று, இலை மட்டத்தில் லக்ஸ் மீட்டரை விளக்கைப் பார்க்கத் திருப்பி அளந்துகொள்ளுங்கள். கைப்பேசிச் செயலி தோராயமாகத்தான் காட்டும். எதுவும் இல்லையென்றால் செய்தித்தாளைப் பிரியுங்கள். பொடி எழுத்து சிரமமில்லாமல் படிக்க முடிகிற இடத்தில் சாமந்திக்கு வெளிச்சம் அதிகம்.

பலரும் முதலில் செய்வது வேலியில் பச்சை நிழல்வலை கட்டுவது. அது பலிக்காது. 75 சதவீத வலையும் கால் பங்கு ஒளியை உள்ளே விடும். முழுக் கறுப்பு பாலித்தீன் கட்டினாலும் உயரம் போதாது. நீங்கள் சொன்ன கணக்கில் கம்பம் 8 மீட்டர் உயரம், வேலியிலிருந்து 6 மீட்டர் தள்ளி நிற்கிறது. வேலியில் 3 மீட்டர் உயரத் திரை கட்டினால், முக்கால் மீட்டர் உயரச் செடிக்கு அதன் நிழல் 2.7 மீட்டர்தான் கிடைக்கும். 60 செ.மீ. இடைவெளியில் நாலு வரிசை. 4 மீட்டர் திரை கட்டினால் 4.9 மீட்டர் வரும், ஆனால் அந்த உயரத்தில் காற்று கம்பையே பிடுங்கிக்கொண்டு போய்விடும்.

அதனால் விளக்கிடமே மறைப்பு போடுவதுதான் சிக்கனம். ஒளிமுகத்திலிருந்து தோட்டப் பக்கமாக 25 செ.மீ. தள்ளி, ஒளிமுகத்துக்குக் கீழே 35 முதல் 40 செ.மீ. தொங்குகிற மாதிரி ஒரு தகரத் தகடு, உள்பக்கம் பளபளப்பில்லாத கறுப்புப் பெயின்ட். கணக்குப்படி 30 செ.மீ. போதும், விளக்குக்கு அகலம் இருப்பதால் கூட்டிச் சொல்கிறேன். சாலைக்கு வெளிச்சம் குறையாது. கம்பத்தில் நீங்கள் ஏற வேண்டாம், விளக்கைப் பராமரிப்பவரைக் கொண்டே மின்சாரத்தை நிறுத்திச் செய்யுங்கள்.

லேஅவுட்காரர்களிடம் பேசும்போது இரண்டு சமாதானங்களை ஏற்றுக்கொள்ள வேண்டாம். ஒன்று, “ராத்திரி 10 மணிக்கு அணைத்துவிடுகிறோம்.” அப்படிச் செய்தால் காலை 6 மணி வரை 8 மணி நேர இருட்டுதான், சாமந்திக்குப் போதாது. இன்னொன்று, “மஞ்சள் பல்பாக மாற்றித் தருகிறோம்.” அதில் நீலம் குறைந்து சிவப்புப் பங்கு கூடும், நிலைமை மோசமாகத்தான் ஆகும்.

தகடு வர நாளாகும் என்றால் பாதித்த வரிசைகளுக்கு மட்டும் மூங்கில் வளைவு நட்டு, ஒளி ஊடுருவாத கறுப்புத் துணி போர்த்துங்கள். இருட்டியபின் 6.45-க்கு மூடி, காலை 6.30-க்குத் திறக்கலாம். மாலை 5 மணிக்கே மூடினால் உள்ளே வெப்பம் தேங்கும், வெப்பமும் மொட்டைத் தள்ளிப்போடும். மொட்டில் நிறம் தெரியும் வரை ஓர் இரவும் விடாமல் செய்ய வேண்டும். ஒன்றிரண்டு இரவு தவறினால் அத்தனை நாள் தள்ளும். தொடர்ந்து தவறினால் மறுபடி நாக்கிலை மொட்டுதான். துணியில் ஓட்டை இருக்கிறதா என்று பகலில் உள்ளே உட்கார்ந்து பார்த்துவிடுங்கள்.

இருட்டு உறுதியான அன்றே, நின்றுபோன நுனி மொட்டை 2 செ.மீ. தண்டோடு கிள்ளிவிடுங்கள். பக்கத் தளிரில் செடிக்கு நாலைந்து மட்டும் விட்டு மற்றவற்றை எடுங்கள். யூரியா வேண்டாம், செடி ஏற்கனவே இலைப் பக்கம் சாய்ந்திருக்கிறது. ஜிப்ரலிக் அமிலம் யாராவது சொன்னால் கேட்காதீர்கள், தண்டு நீளுமே தவிர இருட்டுக்கு அது மாற்றாகாது. இருட்டு தொடங்கி எட்டு முதல் பத்து வாரத்தில் பூ வரும். அந்த வரிசைகள் ஆயுத பூஜைக்கு வராது என்பதை இப்போதே மனதில் வைத்துக்கொண்டு, ஐப்பசிக் கடைசி, கார்த்திகை விற்பனைக்குத் திட்டமிடுங்கள்.

அடுத்து வைரஸ். மருந்து போலியாக இருக்கலாம் என்று நினைத்திருப்பீர்கள். நேரம்தான் தவறு.

பைட்டோகுரோமைத் திருப்பும் 660 நானோமீட்டர் சிவப்பொளி மோலுக்கு சுமார் 181 கிலோஜூல் ஆற்றல் தருகிறது. வெயிலில் இருக்கும் 300 நானோமீட்டர் புறஊதா ஒளி 399 கிலோஜூல். இரண்டு கார்பன் அணுக்களைப் பிடித்திருக்கும் சாதாரணப் பிணைப்பின் பலம் 350-க்குக் கிட்டத்தில்தான், அதாவது புறஊதாவின் ஆற்றல் அதைவிட அதிகம். புறஊதா வைரஸின் டி.என்.ஏ-வில் பட்டால், அதன் கட்டுமானத் துண்டுகளில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு தைமின்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் நகலெடுப்பு நின்றுவிடும். இதே பழுது சாமந்தி இலையிலும் தினமும் நடக்கிறது, ஆனால் இலையின் உயிரணுவில் இருக்கும் ஒரு நொதி நீல ஒளியின் ஆற்றலைக் கொண்டே ஒட்டலைப் பிரித்துவிடுகிறது. ஒளியால் வந்த காயத்தை ஒளியாலேயே ஆற்றும் இந்த ஏற்பாடு எனக்கு இன்றும் வியப்புதான். இலைமேல் சும்மா கிடக்கும் வைரசுக்கு அந்த வசதி இல்லை. காலை 9 மணிக்கு அடித்தால் உச்சி வெயில் முழுவதையும் அது தாங்க வேண்டும், புழுவோ மாலைக்குமேல்தான் நன்றாக மேயும்.

ஏக்கருக்கு 100 எல்.இ. (வைரஸை அளக்கும் அலகு) வைரஸை 200 லிட்டர் தண்ணீரில் கலந்து, 1 கிலோ வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிச் சேர்த்து, மாலை 5.30-க்குப் பிறகு அடியுங்கள். முக்கால் ஏக்கருக்கு 75 எல்.இ., 150 லிட்டர், 750 கிராம். வெல்லம் புழுவைத் தின்னத் தூண்டும். துணி பளிச்சென்று தெரியப் போடும் டினோபால் போன்ற தூள் (பிளீச்சிங் பவுடர் அல்ல) லிட்டருக்கு 1 கிராம் சேர்த்தால் புறஊதாவை அது உறிஞ்சிக்கொள்ளும். மொட்டும் இலையின் அடிப்புறமும் நனைய வேண்டும், ஏனென்றால் புழு தின்றால்தான் வைரஸ் வேலை செய்யும். போர்டோக் கலவை போன்ற காரத்தன்மையுள்ள எதையும் கூடவே கலக்காதீர்கள். வைரஸின் புரத உறை கரைய வேண்டிய இடம் புழுவின் காரத்தன்மையுள்ள குடல், உங்கள் ஸ்பிரேயர் தொட்டி அல்ல. இருட்டில் அடிக்க நெற்றி விளக்கு கட்டலாம், ஒரு செடிமேல் சில நொடிதான் படும்.

இளம் புழுவில் அடித்தால் ஐந்து முதல் ஏழு நாளில் செடியின் நுனிக்கு ஏறித் தலைகீழாகத் தொங்கிச் சாகும். ஒரு அங்குலம் தாண்டிய புழு தப்பிவிடும், அதைக் கையால் பொறுக்குங்கள். வாரம் கழித்து இன்னொரு முறை அடிக்கலாம். மீதி மருந்தைக் குளிர்ந்த, இருட்டான இடத்தில் வையுங்கள், பம்ப்செட் கூரையடியில் வேண்டாம்.

வேப்ப மருந்துக்கும் இதே மாலை நேரம்தான். சாமந்தியின் உறவுச் செடியான பைரித்ரம் பூவிலிருந்து எடுக்கும் பூச்சிக்கொல்லியும் வெயிலில் சில மணி நேரத்தில் சிதைவதுதான். வயலில் தாங்குகிற பெர்மெத்ரின் 1973-இல் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் உருவானதே அந்தக் குறையைத் தீர்க்கத்தான். அதை அடிக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். உதிரிப்பூவை நாளுக்கொரு முறை பறிக்கும் தோட்டத்தில் வெயிலிலும் நிற்கும் மருந்து வேண்டாம், வைரஸே போதும்.