கடலைத் தோலைக் குப்பையில்தான் கொட்ட வேண்டுமா?

உதகையில் சாக்லேட் தயாரிக்கும் ஒருவரின் கேள்வி இது: வறுத்த நிலக்கடலையின் தோலிலிருந்து ஆக்சிஜனேற்றத் தடுப்பான்களை (ஆன்டிஆக்சிடன்ட்), ஹெக்சேன் போன்ற கரைப்பான் இல்லாமல் எடுக்க முடியுமா?

தாராளமாக முடியும். உள்ளங்கையில் தேய்த்ததும் உதிரும் அந்தச் செந்தோலை மென்று பாருங்கள், நாக்கு இழுக்கும். நீங்கள் தேடும் தடுப்பான்களான கேட்டச்சின், புரோசயனிடின் வகைகளின் வேலை அது. உங்கள் மலைத் தேயிலையின் துவர்ப்பும் இதே குடும்பம்தான். ஹெக்சேன் எண்ணெயைக் கரைக்குமே தவிர இவற்றைத் தொடாது.

எத்தனால் என்ற ஆல்கஹாலும் நீரும் கலந்த கரைசல் தனி நீரைவிட அதிகம் இழுக்கும். அதில் காதுக்குக் கேட்காத மீயொலி அலைகளைச் செலுத்தினால் நுண்குமிழிகள் உடைந்து செல்சுவரைப் பிளக்கும், நேரம் மிச்சம். ஆனால் எத்தனாலுக்கு உரிமம் வாங்க வேண்டும், தீ அபாயம் வேறு. சிறு தொழிலுக்கு வெந்நீரே போதும் என்பேன். 2,200 மீட்டருக்கு மேலுள்ள உதகையில் நீர் 92, 93 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது. அந்தச் சூடு தாராளம். நெடுநேரம் கொதிக்கவிட்டால்தான் சேர்மங்கள் சிதையும்.

பூசணம் பிடித்த தோலை மட்டும் தொடவே தொடாதீர்கள்: பூசணம் உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு வெந்நீரில் அழியாது. சாற்றில் கடலைப் புரதமும் தங்கலாம். ஒவ்வாமை எச்சரிக்கையைப் பொட்டலத்தில் அச்சிட்டுவிடுங்கள்.