எந்நேரமும் அசதி: குடலைக் கழுவ வேண்டாம், டீ நேரத்தை மாற்றுங்கள்

கேள்வி: டாக்டர், எனக்கு 38 வயது. தண்டையார்பேட்டையில் வீடு, வண்ணாரப்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. ஒரு வருடமாகவே காலையில் எழும்போதே அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, முடியும் கொட்டுகிறது. வயிறு எப்போதும் உப்பிக்கொண்டே இருக்கிறது, இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் வெளிக்குப் போகிறது. கேஸ் மாத்திரையை மெடிக்கலில் வாங்கித் தினமும் போடுகிறேன். காலையில் டீயும் பன்னும்தான், அப்புறம் கடையில் நாலு டீ. மாதவிலக்கு ஏழெட்டு நாள் நீள்கிறது. குடலில் கழிவு தேங்கியிருப்பதால்தான் அசதி, குடலைச் சுத்தம் செய்யும் பவுடர் மூன்று மாதம் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். ஆறாயிரம் ரூபாய் ஆகுமாம். வாங்கலாமா?

பதில்: அந்தப் பவுடரை வாங்காதீர்கள். குடலின் உள்சுவர் சில நாட்களுக்கு ஒருமுறை தன் மேல்தோலைத் தானே உதிர்த்துப் புதுப்பித்துக்கொள்கிறது. வருடக்கணக்கில் அங்கே எதுவும் ஒட்டிக்கொண்டு கிடப்பதில்லை. இப்படி விற்கும் பவுடர்களில் பெரும்பாலும் இருப்பது நிலவாகை போன்ற பேதி மருந்துதான். நாலு முறை போனதும் வயிறு லேசானதுபோல் இருக்கும். கூடவே உடம்பிலிருந்து தண்ணீரும் உப்பும் போய்விடுவதால், ஏற்கெனவே தளர்ந்திருக்கும் உங்களுக்கு அசதி இன்னும் கூடும். அந்த ஆறாயிரத்தில் ஒரு பகுதி இருந்தாலே தேவையான ரத்தப் பரிசோதனைகளை எடுத்துவிடலாம்.

ஆனால் வயிற்றுக்கும் அசதிக்கும் தொடர்பு உண்டு என்று நீங்கள் சந்தேகப்பட்டது சரிதான். தொடர்பு வேறு மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது ரத்தசோகை. 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை இருப்பதாகத் தெரியவந்தது. கண்ணாடி முன் நின்று கீழ் இமையை இழுத்துப் பாருங்கள், உட்புறம் வெளுத்திருக்கிறதா? நகம் எளிதில் உடைகிறதா? பச்சரிசியையோ ஐஸ் கட்டியையோ மெல்ல வேண்டும்போல் இருக்கிறதா? அரிசி மெல்லும் பழக்கத்தைச் சொல்ல நிறையப் பெண்கள் வெட்கப்படுகிறார்கள். வெட்கப்பட அதில் ஒன்றுமே இல்லை. இரும்புச்சத்து குறையும்போது இப்படி ஒரு ஆசை வருவது எங்களுக்குப் பழக்கமான அறிகுறி.

மாதவிலக்கு உள்ள வயதில் ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்புச்சத்து உணவில் கிடைக்க வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. ஆணுக்கு 19 போதும். இதில் குடலின் பங்கு என்னவென்றால், கீரை, பருப்பு, தானியம் இவற்றில் உள்ள இரும்பில் சிறு பங்கைத்தான் குடல் உறிஞ்சுகிறது. அதற்கும் இரைப்பை அமிலம் வேண்டும். நீங்கள் தினமும் போடும் கேஸ் மாத்திரை அந்த அமிலத்தைத்தான் குறைக்கிறது. டீயில் உள்ள டானின் மிச்ச இரும்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே போக விடாமல் செய்கிறது. நாளுக்கு ஐந்து டீ, தினமும் கேஸ் மாத்திரை, மாதம் ஏழெட்டு நாள் உதிரப்போக்கு. வரவு குறைந்து செலவு கூடினால் உடம்பு எப்படித் தாங்கும்?

சரி, முதலில் செய்ய வேண்டியது பரிசோதனை. முழு ரத்தக் கணக்கு, ஃபெரிட்டின் (உடம்பில் சேமிப்பாக இருக்கும் இரும்பைக் காட்டும் அளவு), வைட்டமின் பி12, தைராய்டு, சர்க்கரை. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 12-க்கு மேல் இருந்தாலும் ஃபெரிட்டின் குறைந்திருந்தால் அசதி வரும், அதனால் அதை விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் உள்ள மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபினும் சர்க்கரையும் பார்ப்பார்கள், இரும்புச்சத்து மாத்திரையும் இலவசமாகத் தருவார்கள். மற்றதற்கு ஸ்டான்லி மருத்துவமனை உங்களுக்குத் தூரமில்லை.

ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்காமல் இன்றே தொடங்கக்கூடியது டீ விஷயம். டீயை நிறுத்தச் சொல்லவில்லை, எட்டு மணிநேரம் நின்றுகொண்டே வேலை பார்ப்பவருக்கு அது எவ்வளவு ஆறுதல் என்று எனக்குத் தெரியும். சாப்பாட்டுக்கு ஒரு மணிநேரம் முன்னும் பின்னும் மட்டும் டீ வேண்டாம். ஐந்தை இரண்டு, மூன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள். டீக்கு இரண்டு ஸ்பூன் வீதம் ஐந்து டீயில் பத்து ஸ்பூன் சர்க்கரை உள்ளே போகிறது. குடித்ததும் தெம்பு வந்த மாதிரி இருந்து, கொஞ்ச நேரத்தில் மறுபடி தொய்ந்துபோவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

காலையில் பன்னுக்குப் பதில் கேழ்வரகுக் கூழ் குடியுங்கள். ஆடி மாதம் அம்மன் கோயிலில் ஊற்றும்போது மட்டும் குடிக்கிற பொருள் இல்லை அது. மாவை முதல் நாளே கரைத்துப் புளிக்க வைப்பதால், இரும்பை உறிஞ்சவிடாமல் தடுக்கும் பைட்டேட் குறைகிறது. மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்தால் குடலில் உள்ள நல்ல கிருமிகளுக்கும் தீனி கிடைக்கிறது. கூழ் பிடிக்காவிட்டால் பழைய சோறு. குடல் நோயாளிகளுக்குப் பழைய சோறு எப்படி உதவுகிறது என்ற ஆராய்ச்சியை நம் ஸ்டான்லியிலேயே கையில் எடுத்தார்கள். ஆனால் பழைய சோற்றில் பி12 கொட்டிக் கிடக்கிறது என்று செல்போனில் வருவதை நம்பி மீனை விட்டுவிடாதீர்கள். பி12-க்கு மீன், முட்டை, பால், தயிர்தான் உறுதியான வழி. சர்க்கரை இருப்பதாக ரிப்போர்ட்டில் வந்தால் கூழ், சோறு இரண்டிலும் அளவைக் குறைக்க வேண்டும்.

மீன் விஷயத்தில் வடசென்னைக்காரர்களுக்குக் கொடுப்பினை உண்டு. காசிமேட்டில் வஞ்சிரம், வவ்வால் விலையைப் பார்த்து மலைக்க வேண்டாம். நெத்திலி, மத்தி, காரப்பொடி வாங்குங்கள். மீனில் உள்ள இரும்பு எளிதாக உடம்பில் சேரும், கூடவே சாப்பிடும் கீரையின் இரும்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். மதியம் டிபன் பாக்ஸில் நெத்திலிக் குழம்பு, முருங்கைக்கீரைப் பொரியல், கீரை மேல் பிழிய அரை எலுமிச்சம்பழம் இருந்தால் அதைவிட நல்ல சாப்பாட்டை என்னால் எழுதித் தர முடியாது. ஆட்டுச் சுவரொட்டி, அதாவது மண்ணீரல், வாரம் ஒருமுறை சாப்பிடலாம், பெரியவர்கள் சொன்னது சரியான வைத்தியம்தான். கருவாட்டை அளவோடு வையுங்கள், உப்பு அதிகம். பீட்ரூட், மாதுளை எல்லாம் நல்லவைதான். சிவப்பாக இருக்கிறதே, ரத்தம் ஊறும் என்று அதை மட்டுமே நம்பி மாதக்கணக்கில் ஜூஸ் குடிப்பவர்களைப் பார்க்கும்போதுதான் வருத்தமாக இருக்கிறது. அவற்றில் இரும்பு கொஞ்சம்தான்.

மலச்சிக்கலுக்கு வருகிறேன். கடை வேலைக்குப் போகும் பெண்களிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்வி, பகலில் எத்தனை முறை சிறுநீர் கழிக்கிறீர்கள் என்பது. பலர் ஒருமுறை என்கிறார்கள், சிலர் வீட்டுக்குப் போய்த்தான் என்கிறார்கள். பாத்ரூம் தூரம், கூட்ட நேரத்தில் விட மாட்டார்கள் என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். தண்ணீர் இல்லாமல் எவ்வளவு நார்ச்சத்து சாப்பிட்டாலும் மலம் இறுகத்தான் செய்யும். கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டமே திருத்தினார்கள். கழிப்பறைக்குப் போவதும் தண்ணீர் குடிப்பதும் அதைவிட அடிப்படைத் தேவை. கூட வேலை பார்க்கும் பெண்களோடு சேர்ந்து முதலாளியிடம் கேளுங்கள். ஒரு லிட்டர் பாட்டிலில் காய்ச்சி ஆறிய தண்ணீர் கொண்டுபோய், வேலை முடிவதற்குள் காலி செய்துவிடுங்கள்.

நார்ச்சத்தை ஒரே நாளில் கூட்டாதீர்கள், உப்புசம் இன்னும் அதிகமாகும். முதல் வாரம் தினம் ஒரு கொய்யாப்பழம், அடுத்த வாரம் ஒரு கிண்ணம் சுண்டல், அப்புறம் அவரை, கொத்தவரை, வாழைத்தண்டு என்று மெதுவாகச் சேர்க்கலாம். இரவு கடை மூடிய பிறகு பத்தரை மணிக்குப் பரோட்டாவோ அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸோ சாப்பிட்டுவிட்டு உடனே படுத்தால் நெஞ்செரிச்சல் வரும், மறுநாள் காலையில் கேஸ் மாத்திரையைத் தேட வேண்டியிருக்கும். அத்தோ எப்போதாவது ஒருநாள் இருக்கட்டும். மற்ற நாட்களில் சாயந்திரமே கடையில் இரண்டு இட்லியோ சுண்டலோ சாப்பிட்டுவிட்டு, இரவு கொஞ்சமாகச் சாப்பிடுங்கள்.

கேஸ் மாத்திரையை நாளைக்கே தூக்கிப் போட்டுவிட வேண்டாம். நாட்பட்ட பழக்கத்தைத் திடீரென நிறுத்தினால் அமிலம் முன்பைவிட அதிகமாகச் சுரந்து எரிச்சல் வரும். ஒரு டாக்டரைப் பார்த்து, ஒருநாள் விட்டு ஒருநாள் என்று படிப்படியாகக் குறையுங்கள். அப்படியும் எரிச்சல் விடவில்லையென்றால் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரைப்பையில் குடியிருக்கும் அந்தக் கிருமியும் ரத்தசோகைக்குக் காரணமாகும். அதைக் கண்டுபிடித்தவர்களுக்கு 2005-ல் நோபல் பரிசே கிடைத்தது. இரண்டு வார மாத்திரையில் பெரும்பாலும் போய்விடும்.

இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தால் எலுமிச்சைச் சாற்றோடு போடுங்கள். டீ, பால், கால்சியம் மாத்திரை இவற்றோடு சேர்த்துப் போடக் கூடாது. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். மலச்சிக்கல் அதிகமானால் ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாமா என்று டாக்டரைக் கேளுங்கள், அப்படிப் போட்டாலும் நன்றாகவே சேரும். தெம்பு வர மூன்று, நாலு வாரம் ஆகும். ஹீமோகுளோபின் சரியான பிறகும் சுமார் மூன்று மாதம் தொடர்ந்தால்தான் உடம்பின் சேமிப்பு நிரம்பும்.

ஏழெட்டு நாள் உதிரப்போக்கை மட்டும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஓட்டைக் குடத்தில் எவ்வளவு தண்ணீர் ஊற்றி என்ன? கட்டி கட்டியாகப் போகிறதா, ஒரு மணிநேரத்துக்கு ஒரு நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறதா என்று கவனியுங்கள். கர்ப்பப்பையில் நார்க்கட்டி இருக்கலாம், மகப்பேறு மருத்துவரைப் பார்த்து ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள். எடை தானாகக் குறைவது, மலத்தில் ரத்தம், சாயந்திரக் காய்ச்சல், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, இவற்றில் எது இருந்தாலும் தள்ளிப் போடாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

ரிப்போர்ட் வந்ததும் எண்களை எழுதி அனுப்புங்கள். கால் மரத்துப்போகிறதா, இரவு எத்தனை மணிநேரம் தூங்குகிறீர்கள், மனசு எப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இந்தக் கடிதத்தில் அவற்றைப் பற்றி ஒன்றும் இல்லை.