ஓவர்டைம் காசை நம்பி 650 சிசி வாங்கலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். எனக்கு வயது 34. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் கொதிகலன் பிரிவில் வேலை. அடிப்படைச் சம்பளம் 2,700 வெள்ளி (ரிங்கிட்). ஓவர்டைம் சேர்த்து, பிடித்தம் போக, கைக்கு 3,200 வரும். மனைவி தையல் வேலையில் 500 சம்பாதிக்கிறார். இரண்டு பிள்ளைகள். வீட்டுச் செலவு 3,000 போக, மாதம் 700 மிஞ்சும். வருடக் கடைசியில் ஒரு மாதச் சம்பளம் போனஸ் உண்டு. வங்கியில் 9,000 இருக்கிறது. இ.பி.எஃப். எனும் ஊழியர் சேமநிதியில், எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய ஃப்ளெக்சிபல் கணக்கில் 2,600 இருக்கிறது. குடியிருப்பது ஆலைக் குடியிருப்பில்; சொந்த வீடு இல்லை. நெடுந்தூரம் ஓட்டப் பழைய 650 சிசி டூரிங் மோட்டார் சைக்கிள் ஒன்று பார்த்திருக்கிறேன். விலை 24,000. முன்பணம் 3,000, மீதிக்கு 5 வருடக் கடன், வட்டி 8 விழுக்காடு, மாதத் தவணை 490 என்கிறார் கடைக்காரர். மைத்துனரை ஜாமீன் போடச் சொல்கிறார். என்னிடம் இருப்பது பி2 லைசென்ஸ். கெரிக் மலைச்சாலையிலும் தாய்லாந்தின் பெத்தோங் வரையிலும் ஓட்ட வேண்டும் என்பது பத்து வருட ஆசை. ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டராவது ஓட்டுவேன். மனைவி வேண்டாம் என்கிறார். வாங்கலாமா?

பதில்: தம்பி, முதலில் உங்கள் ஆசையைப் பற்றி. அது வீண் ஆசை இல்லை. நானும் தோட்டத்தில் பிறந்தவன்தான். நாற்பது வயதில் ஒரு பெரிய பைக் வாங்கி ஒன்பது ஆண்டு ஓட்டினேன். பனி இறங்கும் காலை நேரத்தில் லெங்கோங் தாண்டிப் போகும்போது கிடைக்கும் நிம்மதி எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். அதனால் 'பைக் எதற்கு' என்று கேட்க மாட்டேன். ஆனால் இந்த வண்டியை, இந்தக் கடனில், இப்போது வாங்காதீர்கள்.

மாதம் 700 மிஞ்சுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 700 எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். 2,700 அடிப்படைச் சம்பளத்தில் இ.பி.எஃப்., பெர்கேசோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பிடித்தம் எல்லாம் போனால் கைக்கு ஏறக்குறைய 2,400 தான். மீதி 800 ஓவர்டைம். ஓவர்டைம் இல்லாத மாதத்தில், உங்கள் மனைவியின் 500ஐச் சேர்த்தாலும் 2,900. செலவோ 3,000. அந்த மாதத்தில் மிச்சம் இல்லை, 100 வெள்ளி துண்டு விழுகிறது.

ஆலையில் வேலை செய்யும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: செம்பனைக் குலை வரத்து ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. செப்டம்பர், அக்டோபரில் லாரிகள் வரிசை பிடித்து நிற்கும். ஆண்டுத் தொடக்கத்தில் வரத்து விழுந்துவிடும், ஓவர்டைமும் கூடவே விழும். ஆனால் தவணை 490 ஜனவரியிலும் 490 தான், பிப்ரவரியிலும் 490 தான். 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி, தொடர்ந்து இரண்டு தவணை தவறினால், நோட்டீஸ் கொடுத்துவிட்டு வண்டியை இழுத்துச் செல்லும் உரிமை கடன் கொடுத்தவருக்கு உண்டு. முக்கால் பங்குக்கு மேல் கட்டியிருந்தால் மட்டும் அவர் நீதிமன்ற உத்தரவு வாங்க வேண்டும். ஓவர்டைம் குறையும் இரண்டு மாதங்கள் அடுத்தடுத்து வருகின்றன என்பதுதான் எனக்குக் கவலை. ஜாமீன் போட்ட மைத்துனரிடம் அப்போது என்ன சொல்வீர்கள்? குடும்பத்துக்குள் அந்தச் சங்கடமே வேண்டாம்.

வட்டியையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். 21,000 வெள்ளிக்கு 8 விழுக்காடு, 5 ஆண்டு என்றால் வட்டி 8,400, மொத்தம் 29,400. இது முழுக் கடனுக்கும் கடைசி வரை போடப்படும் வட்டி. நீங்கள் கட்டக் கட்ட அசல் குறைந்தாலும் வட்டி குறைவதில்லை. குறையும் அசலுக்கு மட்டும் வட்டி என்று கணக்குப் போட்டால், உண்மையில் நீங்கள் கொடுப்பது ஆண்டுக்குச் சுமார் 14 விழுக்காடு. இ.பி.எஃப். 2024ஆம் ஆண்டுக்குக் கொடுத்த லாப ஈவு 6.30 விழுக்காடு. அங்கே 6 கிடைக்கும் பணத்தை எடுத்து, இங்கே 14 கொடுத்துக் கடன் வாங்குவது எந்தக் கணக்கிலும் உதைக்கும்.

சரி, தவணைக்கு அப்புறம் வருவதுதான் பெரிய விஷயம். கடைக்காரர் அதைச் சொல்ல மாட்டார், நான் சொல்கிறேன். ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டினால், லிட்டருக்கு 20 கிலோமீட்டர் வீதம் 500 லிட்டர் பெட்ரோல். லிட்டர் 2 வெள்ளி என்று வைத்தால் 1,000 வெள்ளி. டூரிங் டயர் ஒரு ஜோடிக்கு ஆயிரத்துக்குக் குறையாது; பின் டயர் 12,000 கிலோமீட்டர் தாங்கினால் அதிர்ஷ்டம். ஆகவே டயருக்கு ஆண்டுக்கு 900. எண்ணெய் மாற்றம், ஃபில்டர் 400. செயின், ஸ்ப்ரோக்கெட் செட் ஒன்று 25,000 கிலோமீட்டர் போகும் என்று வைத்து, ஆண்டுக்கு 250. பிரேக் பேட் 200. முழுக் காப்புறுதி 800 அளவில் வரும். சாலை வரி 250. இப்போது நீங்கள் ஓட்டும் சின்ன வண்டிக்கு அது வெறும் 2 வெள்ளி. பழைய வண்டி என்பதால் எதிர்பாராத பழுதுக்கு 1,000 ஒதுக்கியே ஆக வேண்டும். எல்லாம் சேர்த்தால் 4,800, அதாவது மாதம் 400. இவை என் அனுபவத்தில் வரும் உத்தேசக் கணக்கு. ஐம்பது நூறு ஏறும் இறங்கும். தவணை 490, ஓட்டும் செலவு 400, மொத்தம் 890. நல்ல மாதத்தில்கூட உங்களிடம் மிஞ்சுவது 700.

பழுதுக்கு 1,000 அதிகம் என்று நினைக்கலாம். என் வண்டி ஒருமுறை கெரிக்–ஜெலி நெடுஞ்சாலையில், பண்டிங் தாண்டி, மாலை ஐந்து மணிக்கு நின்றுவிட்டது. ரெக்டிஃபையர் எரிந்து, பேட்டரிக்கு மின்சாரம் ஏறாமல் போயிருந்தது. அந்தச் சாலையில் பட்டறை கிடையாது, பல இடத்தில் தொலைபேசிக்கு அலையும் கிடையாது. யானை நடமாட்டப் பலகைக்குப் பக்கத்தில் இரண்டு மணி நேரம் நின்றேன். பாகத்தின் விலை 450 வெள்ளி, வண்டியை லாரியில் ஏற்றி இறக்கியது 600. காப்புறுதியோடு இழுவைச் சேவையும் சேர்த்து எடுத்திருந்தால் அந்த 600 மிஞ்சியிருக்கும். அதைவிட முக்கியம், அந்தப் பழுதை முன்கூட்டியே கண்டுபிடித்திருக்கலாம். இஞ்சின் ஓடும்போது, கொஞ்சம் முறுக்கி, பேட்டரி முனையில் மீட்டர் வைத்தால் ஏறக்குறைய 13.5 முதல் 14.5 வோல்ட் காட்ட வேண்டும். பழைய வண்டி பார்க்கப் போகும்போது 30 வெள்ளி மீட்டர் ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள். டயரின் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். பள்ளம் ஆழமாக இருந்தாலும் அவ்வளவு பழைய டயரை மாற்றித்தான் ஆக வேண்டும், அதை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். முன் ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா, இஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் கிராண்டில் (வண்டியின் பதிவுப் பத்திரத்தில்) உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள்.

இன்னொன்று, உங்கள் லைசென்ஸ். பி2 வைத்துக்கொண்டு 250 சிசி வரைதான் ஓட்டலாம். 500 சிசி வரை பி1, அதற்கு மேல் பி. பி2 லைசென்ஸோடு 650 ஓட்டி விபத்து நடந்தால், செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லை என்று காப்புறுதி நிறுவனம் உங்கள் கோரிக்கையை மறுத்துவிடலாம். வண்டியும் போய், கடனும் நிற்கும். இதைச் சொல்லாமல் ஒருவர் உங்களிடம் 650 விற்கப் பார்க்கிறார் என்றால், அவர் சொல்லும் மற்ற கணக்கையும் இரண்டு முறை சரிபாருங்கள்.

பெத்தோங் போகும் ஆசைக்கும் ஒரு வார்த்தை. நம் நாட்டு மோட்டார் காப்புறுதி மலேசியா, சிங்கப்பூர், புருணைக்குத்தான். தாய்லாந்துக்குத் தனியாக நீட்டிக்க வேண்டும், அந்நாட்டுக் கட்டாயக் காப்புறுதியும் எடுக்க வேண்டும். கடனில் இருக்கும் வண்டி என்றால் கடன் கொடுத்த நிறுவனத்தின் அனுமதிக் கடிதமும் தேவை. ஆலைக்குப் போகும் வழியில், திரும்பும் வழியில் விபத்து என்றால் பெர்கேசோவின் வேலைக் காயத் திட்டம் பார்த்துக்கொள்ளும். மலைச்சாலையில் உல்லாசமாக ஓட்டும்போது நேர்வது அதில் வராது. ஆகவே தனிநபர் விபத்துக் காப்புறுதி ஒன்று அவசியம். பெரிய மோட்டார் சைக்கிளுக்கு அந்தப் பாலிசி செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இப்போது இ.பி.எஃப். மே 2024 முதல் உங்கள் சந்தா மூன்று கணக்காகப் பிரிகிறது: ஓய்வுக்கால பெர்சாரான் கணக்குக்கு 75, செஜாத்ராவுக்கு 15, ஃப்ளெக்சிபலுக்கு 10 விழுக்காடு. ஓவர்டைமுக்கு இ.பி.எஃப். பிடிப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். நீங்கள் ஆலையில் இரவெல்லாம் நின்று உழைப்பதில் ஒரு காசுகூட ஓய்வுக்கால நிதிக்குப் போவதில்லை. 2,700க்கு உங்கள் 11 விழுக்காடும் முதலாளியின் 13 விழுக்காடும் சேர்ந்து 648 வெள்ளி. அதில் ஃப்ளெக்சிபலுக்கு மாதம் சுமார் 65. இன்று 2,600ஐ எடுத்தால் அது மீண்டும் நிரம்ப 40 மாதம் ஆகும். எடுக்காமல் விட்டு, ஆண்டுக்கு 6 விழுக்காடு கிடைத்தால், உங்கள் 55ஆம் வயதில் அது ஏறக்குறைய 8,800. அதைத் தொடாதீர்கள். வங்கியிலுள்ள 9,000 சரியாக மூன்று மாத வீட்டுச் செலவு. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் ஆலை நின்றாலும் அதுதான் துணை. அதையும் தொடாதீர்கள்.

உங்கள் மனைவி ஏன் வேண்டாம் என்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. நான் ஊகிப்பது வீடு. ஆலை வீடு வேலை இருக்கும் வரைதான். தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பட்ட பாட்டை நம் பெற்றோர் தலைமுறை நன்றாக அறியும். தோட்டங்கள் துண்டு போட்டு விற்கப்பட்ட காலத்தில்தான், உங்கள் ஊரில் பிறந்தவரும் அன்றைய அமைச்சருமான துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், பத்துப் பத்து வெள்ளியாகத் தொழிலாளர்களிடம் சேர்த்தார். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது அந்தக் காசில்தான். ஒரு நாள் சம்பளம் சில வெள்ளியாக இருந்தவர்கள் கொடுத்த காசு அது.

அப்படியானால் என்ன செய்யலாம்? வரத்து நன்றாக இருக்கும் எட்டு மாதம், மாதம் 500 வெள்ளியைப் பைக்குக்கென்று தனிக் கணக்கில் போடுங்கள், 200ஐ வீட்டுக்கென்று அமானா சஹாம் மலேசியா என்ற யூனிட் டிரஸ்ட் நிதியில் போடுங்கள். ஓவர்டைம் குறையும் மாதங்களில் எதுவும் போட வேண்டாம். போனஸைப் பாதிப் பாதியாகப் பிரியுங்கள். பைக் கணக்கில் ஆண்டுக்கு 5,350 சேரும். இரண்டரை ஆண்டுக்குள் 13,000 தாண்டும். நல்ல நிலையிலுள்ள பழைய 250 சிசி டூரிங் வண்டிக்கு 12,000 ஒதுக்குங்கள், மீதியில் சிரிம் (தரச் சான்று) முத்திரையுள்ள தலைக்கவசமும் நல்ல ஜாக்கெட்டும். கடன் இல்லை, ஜாமீன் இல்லை, உங்கள் பி2 போதும், சாலை வரி 50. ஓட்டும் செலவு மாதம் 210க்குள் அடங்கும். கெரிக் மலையேற 250 சிசி தாராளமாகப் போதும், கொஞ்சம் மெதுவாக ஏறும், அவ்வளவுதான். வீட்டுக் கணக்கில் சேர்வது சிறிய தொகைதான். ஆனால் செஜாத்ரா கணக்கில் சேர்வதையும் வீட்டு முன்பணத்துக்கு எடுக்கலாம் என்பதால் இரண்டும் ஒன்றுக்கொன்று துணை.

இரண்டரை ஆண்டு நீளமாகத் தெரியும், எனக்குப் புரிகிறது. அதற்குள் உங்கள் அடிப்படைச் சம்பளம் ஏறினால் 650 பற்றி மறுபடியும் பேசலாம். அதற்கு முன் பி லைசென்ஸ் எடுத்துவிடுங்கள்.

கடைக்காரருக்கு முன்பணம் எதுவும் கொடுத்திருந்தால் இந்த வாரமே போய்ப் பேசுங்கள், கையெழுத்துப் போடாதீர்கள். அப்புறம், போன ஜனவரி, பிப்ரவரி சம்பளச் சீட்டு இரண்டையும் தேடி எடுத்து, மனைவியோடு உட்கார்ந்து இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். நான் ஊகித்ததற்கும் அந்தச் சீட்டில் இருப்பதற்கும் வித்தியாசம் இருந்தால் எண்களை எனக்கு அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன்.