மகள் அரசியலில் ஆராய்ச்சி செய்யப்போகிறாளாம்: களுவாஞ்சிகுடித் தாய் ஒருவருக்குப் பதில்

அம்மா, உங்கள் கடிதத்தில் ஒரு கேள்வி வெளிப்படையாக இருக்கிறது. வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில், அரசியல் விஞ்ஞானம் படித்து முடித்த பிள்ளை, அரச நியமனத்துக்கு விண்ணப்பிக்காமல் ஆராய்ச்சி செய்யப்போகிறேன் என்று நிற்கிறாள்; அது சோறு போடுமா? இன்னொன்றை நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் வரிக்கு வரி தெரிகிறது. அரசியல் என்றால் வீட்டுக்கு ஆபத்து வருமா? எங்கட பக்கத்தில் அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது, அதனால் அதையும் தள்ளிவிடப்போவதில்லை.

சோற்றுக் கேள்வியை முதலில் எடுப்போம். பட்டம் மட்டும் போடாது. 2017இல் மட்டக்களப்பு காந்தி பூங்காவுக்கு முன்னால் வேலையற்ற பட்டதாரிகள் நாள்கணக்கில் உட்கார்ந்திருந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வெளிநாட்டுச் சேவைக்குப் போகலாமே என்று லண்டனிலிருக்கும் தம்பி சொன்னதாக எழுதியிருந்தீர்கள். போகலாம், அந்தப் போட்டிப் பரீட்சையைத் தமிழிலும் எழுதலாம். ஆனால் அதற்கு ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் போதும், கணிதம் படித்தவரும் எழுதுவார். அரசியல் விஞ்ஞானம் படித்ததற்கென்று அங்கே தனிக் கதவு கிடையாது. மகளுக்கென்று ஒரு பெறுமதி வரவேண்டுமானால் அது அவள் கற்றுக்கொள்ளும் ஆராய்ச்சித் தொழிலில் இருந்துதான் வரவேண்டும்.

அது என்ன தொழில் என்பதற்கு ஓர் உதாரணம். அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017இல் சீன நிறுவனம் ஒன்றுக்கு 99 வருடக் குத்தகைக்குப் போனது. அதே வருடம் பிரம்மா செல்லானி என்ற இந்திய அறிஞர் 'கடன்பொறி இராஜதந்திரம்' என்றொரு பேச்சைக் கிளப்பினார்; அடைக்க முடியாத கடனைக் கொடுத்துச் சீனா நாடுகளைத் தன் பிடிக்குள் கொண்டுவருகிறது என்பதுதான் அது. உலகம் முழுக்க அதையே திருப்பிச் சொன்னது, எங்கட தேநீர்க்கடைகளிலும்தான். 2022இல் உமேஷ் மொரமுதலி, திலின பண்டுவாவல என்ற இரண்டு இலங்கையர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கடன் பதிவுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கணக்குப் பார்த்ததுதான் அவர்கள் செய்த வேலை. 2021 முடிவில் அரசின் வெளிநாட்டுக் கடனில் சீனாவின் பங்கு சுமார் 20 சதவீதம் என்று வந்தது. அதுவரை பலரும் சொல்லிவந்த பங்கு அதைவிடக் குறைவு. இன்னொரு பக்கம், துறைமுகக் குத்தகையில் வந்த பணத்தால் துறைமுகக் கடன் இரத்தாகவில்லை, கடன் அப்படியே நின்றது என்றும் காட்டினார்கள். சீனாவை ஏசுகிறவருக்கும் சரி, ஆதரிக்கிறவருக்கும் சரி, முழுக்க வசதியான முடிவு அதில் இல்லை. நல்ல ஆராய்ச்சி அப்படித்தான் வரும். இந்த வேலையைச் செய்யத் தெரிந்தவரைக் கொள்கை ஆய்வு நிறுவனங்களும் வங்கிகளும் பத்திரிகைகளும் தூதரகங்களும் தேடும். அரசியல் பேசத் தெரிந்தவர்கள் ஊரிலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

மகள் 'சர்வதேச உறவுகளில் இந்து சமுத்திர வல்லரசுப் போட்டி' என்று தலைப்பு வைத்திருக்கிறாளாம். அவளிடம் நான் நேரே சொல்வேன், அதை விடு என்று. அந்தத் தலைப்பில் டில்லியிலும் பெய்ஜிங்கிலும் வாஷிங்டனிலும் ஆயிரம் பேர் எழுதுகிறார்கள். அவர்களிடம் இல்லாத எதுவும் களுவாஞ்சிகுடியில் இருக்கும் அவளிடம் அந்த விடயத்தில் இல்லை. அவளிடம் இருப்பது வேறு.

2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தலை எடுங்கள். தேசிய மக்கள் சக்தி 225இல் 159 ஆசனம் பிடித்தது. யாழ்ப்பாணத்தையும் வன்னியையும்கூட வென்றது. அது வெல்லாமல் விட்ட ஒரே மாவட்டம் மட்டக்களப்பு. இங்கே ஐந்தில் மூன்று ஆசனம் தமிழரசுக் கட்சிக்குப் போனது. பக்கத்துத் திகாமடுல்லையில், அதாவது அம்பாறை மாவட்டத்தில், ஏழில் நான்கை அதே தேசிய மக்கள் சக்தி எடுத்தது. ஏன் இங்கே மட்டும் அப்படி? ஆளாளுக்கு ஒரு விளக்கம் சொல்வார்கள், உங்கள் வீட்டு மதிலடியிலும் சொல்லியிருப்பார்கள். கல்குடா, மட்டக்களப்பு, பட்டிருப்பு என்று தொகுதிவாரியாக முடிவுகளைத் தேர்தல் ஆணைக்குழுவே வெளியிடுகிறது. அதை வைத்து எந்த விளக்கம் நிற்கும், எது விழும் என்று பார்க்க மொழியும் ஊரும் தெரிந்த ஒருவர் வேண்டும். பட்டிருப்புத் தொகுதிக்குள் பிறந்து வளர்ந்தவளுக்கு அதைவிட நல்ல தலைப்பு எங்கே கிடைக்கும்?

தேர்தல் பிடிக்காவிட்டால் தண்ணீர் இருக்கிறது. 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற முதல் பெண் எலினோர் ஒஸ்ட்ரொம், படிப்பால் அரசியல் விஞ்ஞானி. குளம், காடு, மீன்பிடி போன்ற பொதுச் சொத்தை அரசாங்கமும் முதலாளியும் இல்லாமல் ஊர்மக்களே விதி வைத்துக் காப்பாற்ற முடியுமா என்பதுதான் அவர் வாழ்நாள் கேள்வி. அம்பாறையின் கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தையும் அவர் எடுத்துப் பேசியிருக்கிறார். அங்கே 1980களில் கோர்னெல் பல்கலைக்கழகத்து அரசியல் விஞ்ஞானி நோமன் அப்ஹொஃப், வாய்க்கால்வாரியாக விவசாயிகளை அமைப்பாக்கும் வேலையில் இருந்தார். அமெரிக்காவிலிருந்து ஆள் வந்து அம்பாறை வாய்க்காலில் நின்றபோது, எங்கட பிள்ளைகள் வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையாரை ஓர் ஆய்வுப் பொருளாக நினைத்தும் பார்த்திருக்கமாட்டார்கள். பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில் யார் பேசுகிறார், யார் பேசாமல் இருக்கிறார், கடைமடைக் காணிக்காரனுக்குத் தண்ணீர் எப்போது வருகிறது என்பதெல்லாம் அரசியல்தான். உன்னிச்சைக் குளத்துக் கீழ் வயல் வட்டைகளில் ஒரு போகம் முழுக்க இதைப் பார்த்து எழுதினால் அதை வாசிக்க வெளியூரிலும் ஆள் இருக்கும்.

இனி ஆபத்து. கட்சி வேலை வேறு, ஆராய்ச்சி வேறு என்று சொல்வது எளிது. ஊரில் கேட்டுக்கொண்டு திரியும் பெண்பிள்ளையை எல்லாரும் அப்படிப் பிரித்துப் பார்ப்பார்கள் என்று நான் சொல்லமாட்டேன். அதனால் அவள் செய்யவேண்டியவை சில இருக்கின்றன. மேற்பார்வையாளரின் கடிதமும் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதியும் கையில் இல்லாமல் ஒரு வீட்டுப் படலையும் திறக்கக்கூடாது. குறிப்புக் கொப்பியில் பெயர், வீட்டு இலக்கம் எழுதக்கூடாது. காணாமல்போனவர்களின் குடும்பங்களிடம் ஏற்கெனவே எத்தனையோ பேர் வந்து கேட்டு எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். முதலாவது ஆய்விலேயே அந்த வாசலுக்குப் போவதை நான் விரும்பமாட்டேன். பிரதேச செயலகத் தரவு வேண்டுமென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்கட்டும். தெரிந்த கிளார்க்கிடம் கோப்பு வாங்கிப் பார்ப்பது அவருக்கும் வம்பு, இவளுக்கும் வம்பு.

நீங்கள் எதிர்பார்த்த இடத்துக்கு வருகிறேன். நியமன விண்ணப்பம் வந்தால் அவள் போடவேண்டும். இது உங்கள் மனம் ஆறுவதற்காகச் சொல்வதல்ல. பிரித்தானியாவின் செவனிங் புலமைப்பரிசிலுக்கு இரண்டு வருட வேலை அனுபவம் கேட்பார்கள். அபிவிருத்தி உத்தியோகத்தராக இரண்டு வருடம் இருந்தால் அந்தத் தகுதி கையில் வந்துவிடும். டில்லியில் சார்க் நாடுகள் சேர்ந்து நடத்தும் தெற்காசியப் பல்கலைக்கழகத்தில் சர்வதேச உறவுகளில் முதுகலை படிக்கலாம், அங்கேயும் உதவித்தொகை உண்டு. கொழும்பில் பண்டாரநாயக்க சர்வதேச கற்கை நிலையத்தின் டிப்ளோமாவும் இருக்கிறது. கையில் காசும் நேரமும் இருந்தால் செய்யலாம், இல்லாவிட்டால் பெரிய நட்டமில்லை.

அந்த இரண்டு வருடத்தில் அவள் ஆங்கிலத்தில் எழுதப் பழகவேண்டும், பேசுவது பிறகு வரும். அதோடு புள்ளிவிபரவியல்: கலைப்பிரிவுப் பிள்ளைகள் கணக்கென்றால் ஓடுவார்கள், ஆனால் மேலே சொன்ன கடன் ஆய்வு முழுக்கக் கணக்குத்தான். 'ஆர்' (R) என்ற புள்ளிவிபர மென்பொருள் இலவசம், ஒரு பழைய மடிக்கணினி போதும். மூன்றாவதாகச் சிங்களம். கல்லோயா இடதுகரையில் சிங்கள விவசாயியோடு பேச அது இல்லாமல் முடியாது, இலங்கை ஆய்வு நிறுவனங்களில் தமிழும் சிங்களமும் சேர்ந்து தெரிந்தவருக்கு இருக்கும் கேள்வியும் தனி.

முதல் வகுப்போ இரண்டாம் வகுப்பு மேற்பிரிவோ என்று நீங்கள் எழுதவில்லை. சிறப்புக் கலைமாணியில் அந்த இரண்டில் ஒன்று இருந்தால், வந்தாறுமூலையிலோ ஒலுவிலில் இருக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ தகுதிகாண் விரிவுரையாளர் வெற்றிடம் வரும்போது விண்ணப்பிக்கலாம். இடம் குறைவு, போட்டி கடுமை. அதை மட்டும் நம்பி வீட்டில் காத்திருக்கவேண்டாம்.

மகளை ஒருநாள் அனுப்புங்கள். வரும்போது சான்றிதழ்க் கட்டு தேவையில்லை. தேர்தலோ தண்ணீரோ, எதை எடுக்கிறாளோ அதில் தன் கேள்வி என்ன, அதற்கு யாரிடம் எந்தத் தரவு இருக்கிறது, அவள் நினைப்பது பிழையென்றால் அது எப்படித் தெரியவரும் என்று இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வரட்டும். தமிழில் எழுதினால் போதும்.