சிபிஆர் செய்யும்போது மூளைக்கு ஆக்சிஜன் போகிறதா?

இதயம் நின்றவரின் நெஞ்சைக் கைகளால் திரும்பத் திரும்ப அழுத்தினால் (அதுதான் சிபிஆர்) மூளைக்கு உண்மையிலேயே ஆக்சிஜன் போகுமா, அதை அளக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகும், ஆனால் குறைவாகத்தான். நன்றாகச் செய்யும் சிபிஆர்கூட இயல்பான ரத்த ஓட்டத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான் தரும். உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, உடல் செலவிடும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. சேமித்து வைக்கவும் அதற்கு வழியில்லை. அதனால்தான் நாலைந்து நிமிடத்தில் செல்கள் சேதமாகத் தொடங்குகின்றன.

விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டருக்கு நாடித் துடிப்பு வேண்டும், அதனால் இங்கே அதை நம்ப முடியாது. நெற்றியில் ஒட்டும் சென்சாருக்குத் துடிப்பு தேவையில்லை. அது அகச்சிவப்பை ஒட்டிய ஒளியை மண்டையோட்டுக்குள் செலுத்தி, திரும்பி வருவதை அளக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில், ஆக்சிஜன் ஏறியதும் ஏறாததும் ஒளியை வெவ்வேறு அளவில் உறிஞ்சுவதுதான் அடிப்படை. ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜன் ஏறியது என்பதைக் காட்டும்; ஆரோக்கியமானவருக்குப் பொதுவாக 60 முதல் 80 சதவீதம். இதயம் நின்றவருக்கு மிகத் தாழ்ந்திருக்கும். சிபிஆரின்போது அது ஏறிக்கொண்டே வந்தால் இதயம் மீண்டும் துடிக்கும் வாய்ப்பு கூடுதல். ஆனால் எண் குறைவு என்பதற்காக மட்டும் முயற்சியைக் கைவிடக் கூடாது.

கருவி இல்லாத இடத்தில் உங்கள் கைதான் எல்லாம். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 செ.மீ. ஆழம். ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக மேலெழும்ப விடுங்கள், அப்போதுதான் இதயத்தில் ரத்தம் நிரம்பும். பலர் களைப்பில் நெஞ்சின் மேலேயே சாய்ந்துவிடுகிறார்கள். 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். நடுவில் நிறுத்தினால் சேர்ந்த ரத்த அழுத்தம் சில நொடிகளில் இறங்கிவிடும், பிறகு மறுபடி ஏற்ற நெஞ்சைப் பல முறை அழுத்த வேண்டியிருக்கும்.