டாக்டர் பதில்கள்: அம்மாவுக்கு டானிக் வேண்டுமா?

கேள்வி: அம்மாவுக்கு 66 வயது. போடியிலிருந்து ஜீப்பில் போடிமெட்டு ஏறி, பூப்பாறை பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் பல வருஷம் போனவர். கஷ்டப்பட்டது போதும் என்று போன வருஷம் நிறுத்திவிட்டோம். சுகர், பிரஷர் கட்டுக்குள்தான். ஆனால் சரியாகச் சாப்பிடுவதில்லை, படுத்தே கிடக்கிறார். 'வயசாயிருச்சு, இனி என்ன இருக்கு' என்கிறார். நல்ல டானிக் ஒன்று சொல்லுங்கள்.
- ஒரு மகள், போடிநாயக்கனூர்

பதில்: டானிக் இருக்கட்டும். முதலில் ஹீமோகுளோபின், தைராய்டு பாருங்கள். காதையும் சோதியுங்கள், காது மந்தமானவர்கள் மெல்ல ஒதுங்கிவிடுவார்கள். மனச்சோர்வு நோயாகவும் இருக்கலாம், அதற்குச் சிகிச்சை உண்டு.

இதெல்லாம் சரி என்றால், வேலையோடு சேர்ந்து அந்த ஜீப்பும் நின்றுபோனதை யோசியுங்கள். விடியற்காலையில் 'அக்கா, வரலையா?' என்று வாசலில் கூப்பிட ஆள் இருந்தது. தூக்குச்சட்டியைத் திறந்தால் குழம்பைப் பங்கு போட நாலு பேர் இருந்தார்கள். இப்போது டிவிதான் இருக்கிறது.

அமெரிக்க உளவியல் ஆய்வாளர் ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் குழு 2010இல் 148 ஆய்வுகளைச் சேர்த்து அலசியது. மொத்தம் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். உறவும் நட்பும் வலுவாக இருந்தவர்கள் அந்த ஆய்வுக் காலங்களில் உயிரோடு இருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் அதிகமாக இருந்தது. தனிமையில் தூக்கம் கெடும், பிரஷர் ஏறும். மாத்திரை போட்டாயா என்று கேட்கவும் ஆள் இருக்காது.

'இனி என்ன இருக்கு' என்ற பேச்சுதான் எனக்கு இன்னும் கவலை. அமெரிக்காவின் ஒஹாயோவில் 50 வயது தாண்டிய 660 பேரை நீண்ட காலம் கவனித்த ஆய்வை வைத்து, உளவியல் ஆய்வாளர் பெக்கா லெவி 2002இல் ஒரு முடிவை வெளியிட்டார். முதுமையை நல்லவிதமாகப் பார்த்தவர்கள் மற்றவர்களைவிடச் சுமார் 7.5 வருஷம் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். உடல்நிலை, வசதி எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வித்தியாசம் இருந்தது.

அதற்காக மறுபடி மலைக்கு அனுப்பச் சொல்லமாட்டேன். அந்த வளைவுகளில் ஆளை நிறைத்துக்கொண்டு ஓடும் ஜீப் எனக்கே பயம். போடியிலேயே ஏலக்காய் தரம் பிரிக்கும் ஸ்டோர்கள் இருக்கின்றன; விருப்பம் இருந்தால் அரைநாள் போகட்டும். லீவு நாளில் பழைய ஜீப் கூட்டத்தை வீட்டுக்குக் கூப்பிடுங்கள், அம்மாவே சமைக்கட்டும். 'நீங்க சும்மா இருங்கம்மா' என்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அன்பில்தான் சொல்கிறீர்கள், ஆனால் 'உங்களால் இனி ஒன்றும் ஆகாது' என்றுதான் அவர் காதில் விழும்.

கேள்வி: மகளோடு கேரளாவில் நெடுங்கண்டம் வந்துவிட்டேன். மலையாளம் வராது. 70 வயதில் யாரோடு பழகுவது?

பதில்: நெடுங்கண்டம் இருக்கும் உடும்பன்சோலை தாலுகாவில் தமிழ் பேச ஆளுக்கா பஞ்சம், ஐயா? தினமும் ஒரே நேரத்தில் ஒரே டீக்கடைக்குப் போங்கள், முகங்கள் தானாகப் பழகும். அப்புறம், பேரப்பிள்ளைகள் இருந்தால் அவர்களிடம் நாளுக்கு நாலு வார்த்தை மலையாளம் கற்றுக்கொண்டு, அதைக் கடையில் தப்பும் தவறுமாகப் பேசிப் பாருங்கள்.